ஆமையும் உஷ்ணமானியும்

நாவல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் வானிலையைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள். மேகம் கவிந்திருந்தது, காற்று வீசிற்று என்று ஆசிரியர் ஆரம்பித்தால், "சரி, யார் வந்தார்கள், என்ன நடந்தது?" என்று கண் நாலு வரி கீழே இறங்கிவிடுகிறது. அவர்களைக் குற்றம் சொல்லுவதற்கில்லை. குற்றம் எழுதுகிறவர்கள்மேல்தான். நம் கதைகளில் மழை தானாகப் பெய்வதில்லை; கதாநாயகி அழவேண்டியிருக்கும்போது பெய்கிறது. துரோகம் அம்பலமாகிற இடத்தில் இடி இடிக்கிறது. வெயிலுக்கோ உத்தியோகமே கிடையாது. ஏழையின் முதுகைச் சுடுவதற்கு மட்டும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளுகிறோம்.

மழை பெய்தது என்பதற்காகவே மழையை எழுதிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். கில்பர்ட் ஒயிட் என்று பெயர். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த செல்போர்ன் கிராமத்தில் 1720ல் பிறந்து, அதே கிராமத்தில் 1793ல் இறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டனார் அந்த ஊரிலேயே தலைமைப் பாதிரியாராக இருந்தவர். பேரனுக்கு அந்தப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. உதவிப் பாதிரியாராகவே காலத்தை ஓட்டினார். சரித்திரத்தில் இடம் பிடிக்கும்படியாக வேறொன்றும் செய்யவில்லை. தினமும் எழுதினார், அவ்வளவுதான்.

அவர் எழுதியது இரண்டு வகையாக நமக்குக் கிடைக்கிறது. ஒன்று, செல்போர்னின் இயற்கைச் சரித்திரத்தைச் சொல்லும் புஸ்தகம். பென்னன்ட், பாரிங்டன் என்ற இரண்டு அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்தது. 1789 என்ற வருஷத்தைத் தாங்கி வெளிவந்தது. இருநூறு வருஷங்களுக்கு மேலாகப் பதிப்புக்குமேல் பதிப்பாக வந்துகொண்டேயிருக்கிறது. மற்றொன்று, 1768 முதல் சாகும் வருஷம் வரையில் அவர் வைத்திருந்த தினக்குறிப்பு. இதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை வால்டர் ஜான்சன் என்பவர் 1931ல் பதிப்பித்தார். புஸ்தகத்தைப் புகழாத இங்கிலீஷ் விமர்சகர் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், தினக்குறிப்புத்தான் மேலான இலக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் சொல்லுகிறேன்.

புஸ்தகத்திலுள்ள கடிதங்கள் சபைக்குப் புறப்பட்டவை. சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வருகின்றன. லத்தீன் கவிகள் நடுவில் எட்டிப் பார்க்கிறார்கள். பென்னன்டுக்கு எழுதியதாக வரும் முதல் ஒன்பது கடிதங்களுக்குத் தேதியே கிடையாது. அவை தபாலுக்காக அல்ல, புஸ்தகத்துக்காகவே எழுதப்பட்டவை. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எழுதுகிறவர் நம்மைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார் என்ற உணர்ச்சி வாசகனைவிட்டுப் போவதில்லை.

தினக்குறிப்போ யாருக்காகவும் எழுதப்பட்டதல்ல. அதன் உருவம்கூட அவருடையது அல்ல. பாரிங்டன் தயார் செய்து அச்சிட்ட நோட்டு அது. பக்கத்துக்கு ஒரு வாரம். கட்டம் கட்டமாகப் பிரித்து, பாரமானி எவ்வளவு, உஷ்ணமானி எவ்வளவு, காற்று எந்தத் திசை, மழை எத்தனை அங்குலம், எந்த மரம் துளிர்த்தது, எந்தப் பூ பூத்தது, எந்தப் பறவை வந்தது, எது போயிற்று என்று நிரப்பிக்கொண்டு போகவேண்டும். கடைசியில் இதர விஷயங்களுக்கென்று ஒரு கட்டம். கணக்குப்பிள்ளையின் பேரேட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்தப் பேரேட்டில்தான் ஒரு மனிதர் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்திருக்கிறார். கட்டங்கள் சிறியவை, ஆகவே நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கவேண்டும். அந்த நெருக்கடியே அவருக்கு நல்ல நடையைக் கொடுத்துவிட்டது. வெள்ளரிக்காய் பறித்தார்கள், வடகிழக்குக் காற்று, முதல் தகைவிலான் குருவி வந்தது, தம்பி வீட்டில் குழந்தை பிறந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அந்தஸ்து. வாழ்க்கையில் அவை வருகிற வரிசையும் அதுதானே!

ஹாஸ்யத்துக்கும் குறைவில்லை. ஆனால் அது ஹாஸ்யம் எழுதுகிறேன் என்று எழுதியது அல்ல. நண்பர் ஒருவர் சுருதிக் குழலை வைத்துக்கொண்டு ஆந்தைகளின் அலறலைச் சோதித்தார். எல்லா ஆந்தையும் ஒரே சுருதியில் கத்துகின்றன என்று கண்டார். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சோதித்தபோது ஆந்தைக்கு ஆந்தை சுருதி மாறியது. இது ஜாதி வித்தியாசமா, ஆளுக்கு ஆள் வித்தியாசமா என்று ஒயிட் கவலைப்படுகிறார். கவலை நிஜமானது, அதனால்தான் சிரிப்பு வருகிறது. தேனீக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, கூவும் குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கூட்டின் அருகே கத்தியிருக்கிறார். தேனீக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

1784 டிசம்பர்க் குளிர் இதைவிட நல்ல உதாரணம். பாரன்ஹீட் உஷ்ணமானி செல்போர்னில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. நமக்கே இப்படியென்றால், இருநூறு அடி உயரத்திலிருக்கும் நியூட்டன் கிராமத்தில் என்ன பாடுபடுகிறார்களோ என்று ஆவலுடன் ஆள் விட்டுக் கேட்டார். அங்கே அதே ராத்திரி 17 டிகிரி! மேட்டுக்காரர்கள் சுகமாக இருக்கிறார்கள், பள்ளத்திலிருப்பவர்தான் உறைந்துகொண்டிருக்கிறார். அவர்கள் கருவி சரியில்லை என்று தம்முடைய கருவி ஒன்றையே மேலே அனுப்பினார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. காற்றில்லாத தெளிந்த இரவில் கனமான குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தங்கிவிடும் என்று இன்று பள்ளிக்கூடத்துப் பையன் சொல்லிவிடுவான். நமக்கு முக்கியம் அதுவல்ல. தாம் நினைத்ததற்கு நேர் விரோதமாக உஷ்ணமானி சொன்னதும், முதலில் உஷ்ணமானியைச் சந்தேகித்து, பிறகு தோற்றுப்போனதை ஒளிக்காமல் எழுதிவைத்த குணம்தான் முக்கியம்.

கதை எங்கே என்று கேட்பீர்கள். காலம்தான் கதை. 1783 ஜூன் 23 முதல் ஜூலை 20 வரையில் விசித்திரமான மூட்டம் ஒன்று கவிந்தது. நடுப்பகலில் சூரியன் சந்திரனைப்போல் மங்கிக் கிடந்தது. தரையில் விழுந்த வெளிச்சம் துருப்பிடித்த இரும்பின் நிறம். அறுத்த இறைச்சி மறுநாள் வாயில் வைக்க முடியவில்லை. ஈக்கள் மொய்த்துக் குதிரைகள் வெறிபிடித்ததுபோல் ஆயின. ஊரார் பயந்தார்கள். அந்த ஜூன் 8ந் தேதி ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து, அதன் நச்சுப் புகைதான் ஐரோப்பாவின்மேல் படர்ந்திருந்தது என்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இத்தாலியில் பூகம்பம் என்கிறார், நார்வேப் பக்கம் கடலில் எரிமலை என்று கேள்விப்பட்டதைச் சேர்த்துக்கொள்ளுகிறார். தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். தனக்குத் தெரியாத முடிவை நோக்கி ஒரு மனிதன் நாள் நாளாக நடந்து போகிறான். இதைவிட நல்ல நாவல் உத்தி எந்த நாவலாசிரியனிடம் இருக்கிறது?

கதாபாத்திரம் என்று பார்த்தால் அவரேதான் பாத்திரம். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் நம்பாதவர் அவர். பார்வைக்கு ஒன்றுபோலிருந்த மூன்று சின்னக் குருவிகளை, பாட்டைக் கேட்டே வேறு வேறு இனம் என்று பிரித்தவர். மண்புழு இல்லாவிட்டால் நிலம் கெட்டுப்போகும் என்று 1777லேயே எழுதியவர். சிறுவயதில் அவரைப் படித்த டார்வின், மண்புழுவைப் பற்றித் தம் புஸ்தகத்தை வெளியிட்டது 1881ல். இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம். தகைவிலான்கள் குளிர்காலத்தில் வேறு தேசத்துக்குப் போய்விடுகின்றன என்பதை அவர் மனம் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜிப்ரால்டரில் இருந்த தம்பி, பறவைகள் கடலைத் தாண்டுவதைப் பார்த்து எழுதினார். இருந்தாலும், சில குருவிகளாவது இந்தச் செல்போர்னிலேயே எங்கேயோ பொந்தில் தூங்கிக்கொண்டிருக்கும் என்ற ஆசை அவரைவிட்டுப் போகவில்லை. ஆட்களைக் கொண்டு புதர்களைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் எழுதிவைத்தார். விஞ்ஞானிக்கு இது குறை. ஆனால் ஊரைவிட்டுப் போகாத ஒரு பிரம்மசாரி, தான் நேசிக்கும் பறவைகளும் ஊரைவிட்டுப் போகவில்லை என்று நம்ப விரும்பினார் என்று படிக்கும்போது, வாசகனுக்கு அவரிடத்தில் ஒரு பாசம் ஏற்பட்டுவிடுகிறது. தம் மனத்தைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை. குருவியைப் பற்றித்தான் எழுதினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். அமெரிக்கா 1776ல் பிரிந்து போயிற்று. பாரிஸில் 1789ல் புரட்சி வந்தது. இவர் வெள்ளரிக்காயை எண்ணிக்கொண்டிருக்கிறாரே, இது உலகத்துக்கு முதுகைக் காட்டுவது ஆகாதா? அமெரிக்காவையும் பாரிஸையும் அவர் எழுதாததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எல்லாரும் எல்லாவற்றைப் பற்றியும் எழுதவேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஊர் ஏழைகள் விஷயம் வேறு. 1783ல் அந்தப் பாரிஷில் 676 பேர் என்று கணக்கெடுத்தவர் அவர். கோரைத் தண்டைக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரிப்பதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் பிரசித்தமானது. இரண்டடி நாலரை அங்குலத் தண்டு ஒன்று 57 நிமிஷம் எரிந்தது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். கால் பென்னிச் செலவில் ஏழைக் குடும்பத்துக்கு ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஏழையின் விளக்கை இவ்வளவு மரியாதையுடன் பார்த்த கனவான்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை. ஆனால் அந்த விளக்கின் வெளிச்சத்தில் என்ன சாப்பிட்டார்கள், சாப்பிட இருந்ததா என்பதை அவர் அதே கருத்தோடு அளந்து பார்க்கவில்லை. அவர் இறந்து முப்பத்தேழு வருஷம் கழித்து, 1830ல், அதே செல்போர்னின் கூலிக்காரர்கள் திரண்டு போய் ஊர் ஏழைகள் விடுதியைத் தாக்கினார்கள். எரிமலையைப்போல் அதுவும் ஒரே நாளில் உருவாகியிருக்க முடியாது. அதற்கென்று ஒரு கட்டம் அந்த நோட்டில் இல்லை. ஒயிட் போட்டுக்கொள்ளவும் இல்லை. இது குறைதான், குறை என்று சொல்லிவிட்டுத்தான் அவரைப் புகழவேண்டும்.

அவருக்குப் பின்னால் இந்தச் சரக்குப் பத்திரிகைகளில் மலிந்துவிட்டது. கொஞ்சம் மழை, கொஞ்சம் துணுக்கு, கொஞ்சம் நகைச்சுவை, கொஞ்சம் மனோராஜ்யம் என்று கலந்து வாராவாரம் கொடுக்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அது நிலைப்பதில்லை. ஏன் என்றால், நாம் மழையைப் பார்த்துவிட்டு உடனே நம்மைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். ஒயிட் மழையைப் பார்த்தால், அளவுபாத்திரத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கப் போய்விடுகிறார். முதல் வகையில் எழுதுகிறவரின் முகம் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. இரண்டாவது வகையில் முகம் மெள்ள மெள்ளத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகு மறப்பதில்லை.

ஆமையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் ஒயிட்டைப் படித்தவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். டிமத்தி என்பது அதன் பெயர். அத்தை வீட்டில் பல வருஷம் இருந்தது. அத்தை இறந்த பிறகு, 1780 மார்ச் மாதம், தூங்கிக்கொண்டிருந்ததை மண்ணிலிருந்து எடுத்து, எண்பது மைல் குதிரை வண்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். வந்ததும் தோட்டத்தில் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் மறுபடியும் மண்ணுக்குள் போய்விட்டது. அதைத் தராசில் நிறுத்தார். நீந்துமா என்று தண்ணீர்த் தொட்டியில் விட்டார். மூழ்கி அடியில் நடந்தது. கூவும் குழாயில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஏறினாலும் தாங்கும் ஓடு இருக்கிறது, மழைத் துளிக்கு ஏன் பயப்படுகிறது என்று வியந்தார். எஜமானர் இறந்த மறு வருஷம் அதுவும் செத்துப்போயிற்று. பின்னால் ஓட்டை ஆராய்ந்தவர்கள், டிமத்தி ஆண் அல்ல, பெண் என்று கண்டார்கள். பதின்மூன்று வருஷம் தினமும் உற்றுப் பார்த்தவருக்கு இது தெரியவில்லை! லண்டன் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையில் அந்த ஓடு இருக்கிறது. நாவலாசிரியையான சில்வியா டவுன்சென்ட் வார்னர் ஆமைக் குறிப்புகளை மட்டும் திரட்டி 1946ல் ஒரு சிறு புஸ்தகம் போட்டார். 2006ல் வெர்லின் கிளிங்கன்போர்க் என்ற அமெரிக்கர், ஆமையே ஒயிட்டைக் கவனித்துக் கதை சொல்லுவதாக ஒரு நாவல் எழுதினார். கதைக்காரர்கள் எங்கே கதை இருக்கிறது என்பதைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தத் தினக்குறிப்பை நாவலைப்போல் ஒரே மூச்சில் படிக்கக் கூடாது. படித்தால் அலுப்புத் தட்டும். அன்றன்றைத் தேதிக்கு உள்ளதை அன்றன்று படித்துவரவேண்டும். ஒரு வருஷம் ஆனால் அவருக்கு இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கும். ஜூன் மாதம் பதினைந்தாந் தேதியோடு 1793ல் குறிப்புகள் நின்றுவிடுகின்றன. கடைசியாக எழுதியது ஊரார் ஆடு கழுவுவதைப் பற்றி. பதினோரு நாள் கழித்து அவர் இறந்தார். கல்லறையில் பெயரின் இரண்டு எழுத்துக்களும் தேதியும் மட்டுமே வெட்டியிருக்கிறது. அவருடைய நோட்டில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய அளவுதான் அது.