நான்கு கம்பிகள்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் போர் போட நினைப்பவருக்கு முதல் கவலை: நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

தோண்டாமலே விடை தேடும் மின்தடை ஆய்வின் எளிமை வியக்க வைக்கிறது. நேர்கோட்டில் நான்கு உலோகக் கம்பிகளை நடுவார்கள். வெளியே உள்ள இரண்டும் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தும். உள்ளே உள்ள இரண்டும் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் மேலும் ஆழத்துச் செய்தி வரும். கடல்நீரின் தடைத்திறன் சுமார் 0.2 ஓம்-மீட்டர்தான், நன்னீர் ஊறிய மணலிலோ பெரும்பாலும் பல பத்து. கொன்ராட் ஷ்லும்பெர்கர் 1912-இல் பிரான்சில் தொடங்கிய சோதனைகளின் வழியில் வளர்ந்த முறை இது.

 

களிமண்ணும் குறைந்த தடையே காட்டும். ஆகவே பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துவிட்டே துளையிடுங்கள்.