வலிக்கு எந்த அத்தியாயம்?

கிருமித்தொற்று இல்லாமலே சிறுநீர்ப்பை வருடக்கணக்கில் வலிக்கும் நோய் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். பெரும்பாலும் பெண்களுக்கு. சிறுநீரகவியல் மருத்துவர்களின் முதன்மைப் பாடநூலான ‘கேம்ப்பெல்ஸ் யூராலஜி’ 1978 பதிப்பில் இதை மனம்சார் நோய்கள் அத்தியாயத்தில் வைத்தது. சிறுநீர்ப்பைப் புண்களைப் பற்றி கை ஹன்னர் 1915லேயே எழுதியிருந்தார். ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தப் புண் இருப்பதில்லை. கருவி வழியே எதுவும் தென்படவில்லையா, பழி மனத்தின்மேல். (பெண்ணின் மனம் எதையும் தாங்கும் அல்லவா!)

அத்தியாயம் மாறினால் சிகிச்சையும் மாறும். புண்ணைச் சுட்டால் பலருக்கு வலி தணிகிறது. இடுப்புத்தளத் தசை இறுகியவர்களுக்கு அதைத் தளர்த்தும் பிசியோதெரபி உதவுகிறது. மனநோய் என்று முடிவுகட்டியவர் இவற்றில் எதைத் தேடியிருப்பார்? 1984இல் அமெரிக்காவில் நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கிய விக்கி ராட்னரே இந்நோயாளி; மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். அவர் சொன்ன வலியும் முதலில் எடுபடவில்லை.