தோல் பட்ட சாறு

டிபிலிசியில் டாக்டருக்குப் படிக்கிற எங்க தெருப் பையன் லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவந்தான். ஜார்ஜியா நாட்டுச் சரக்கு. 'கிசி' என்று வெளியே அதிகம் பேர் கேட்டிராத பச்சைத் திராட்சை. சாற்றைப் பிழிந்ததும் தோலை எறிந்துவிடுவதுதான் வெள்ளை ஒயினுக்கு வழக்கம். இவர்கள் தோலும் கொட்டையுமாக, மண்ணில் புதைத்த 'குவெவ்ரி' என்கிற தாழியில் ஊற்றி, ஐந்தாறு மாசம் மூடி வைக்கிறார்கள். அதன் பிறகு பாட்டிலில் பத்து வருசம் கிடந்த சரக்கு இது. பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் நாலு பேர் உட்கார்ந்து குடித்துப் பார்த்தோம்.

நிறம் கட்டஞ்சாயா. நாக்கில் நாவல்பழத் துவர்ப்பு, அது தோல் தந்தது. மூக்கில் பழம்புளி, கருப்பட்டி, மழை பட்ட மண்சுவர். நல்ல ஒயின்தான். கூட இருந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் கண்ணை மூடி, "ஆகா, மண் மணம்" என்றார். இதே மனுசன் எங்க அம்மா நீட்டின நீச்சத்தண்ணியை, "புளிச்ச நாத்தம்" என்று ஒதுக்கினவர். ரெண்டும் புளிக்க வைத்ததுதான். யார் வீட்டுப் பானை என்பதில்தான் மணமும் நாத்தமும் பிரிகிறது.

இலக்கிய வாசிப்பிலும் இதே மூக்குதான். புறநானூறு 56இல் நக்கீரர் பாடும் பாண்டியன், யவனர் கொண்டுவந்த தேறலைப் பெண்கள் ஊற்றித் தரக் குடிக்கிறான். எம்.ஏ. வகுப்பில் அதற்குக் கொற்கை, ரோமாபுரி, அரிக்கமேட்டுச் சாடி உடைசல் என்று ஒரு மணி நேரம் பாடம். 129ஆம் பாட்டு, முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியது. ஆயின் மலை பொதியில், நம்ம தாமிரபரணி பிறக்கிற மலை. குட்டை இறவாரக் குடிசைக் குறவர்கள் மூங்கிலுக்குள் முதிர்ந்த தேறலைக் குடித்து வேங்கைமர முற்றத்தில் குரவை ஆடுகிறார்கள். அதற்கு, "ஆயின் கொடைச் சிறப்பு" என்று ரெண்டே வரி. மூங்கிலைத் தேர்ந்து, பொறுத்திருந்து, பதம் கண்ட கை யாருடையது என்று யாரும் கேட்கல.

நான் குடியைப் போற்ற வரல. சாராயம் சேரியில் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று நமக்குத் தெரியும். ஆனால் 1987 முதல் கள்ளுக்குத் தடை போட்ட அரசே, 2003 முதல் டாஸ்மாக் கடை திறந்து பாட்டில் விற்கிறது. எது கௌரவமான குடி, எது ஈனக் குடி என்று முடிவு செய்கிறவன் யார்?

ஜார்ஜியாவில் குடியானவர் வீடுகளில் இருந்துவந்த தாழி முறையை 2013இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தின நாளும் ருசி அதேதான். தோல் பட்டால் தீட்டு என்று சொன்ன நாட்டில், நம்ம பானைக்கு அடுத்தவன் மூக்கு நல்ல பேரு சொல்லாது. அந்தச் சொல்லை நாமதான் எழுதணும்.