மணியாகிய பவளமும் உயிராகிய பவளமும்

தமிழிலக்கியத்தில் பவளம் பெரிதும் மணியாகவே இடம்பெறுகிறது. வெவ்வேறிடங்களிற் பிறந்த பொன்னும் பவளமும் முத்தும் ஓரணியில் ஒன்றுகூடுவதைச் சான்றோர் சான்றோரைச் சேர்வதற்கு உவமையாக்கினார் புறநானூற்றுப் புலவர் கண்ணகனார். பின்வந்தோர் மகளிர் இதழுக்கு அதனை உவமித்தனர். இவை யாவும் கடலினின்று பிரிக்கப்பட்ட பவளத்தைப் போற்றுவன. மணியாகும் செம்பவளம் வேறு. பாறை கட்டும் பவளவுயிர் வேறு. பின்னதைப் பாடும் மரபு நம்மிடம் அரிது.

அவ்வுயிரின் இழப்பைச் சிங்கப்பூர் நன்கறியும். கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இத்தீவின் பவளப்பாறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு மறைந்தது. தஞ்சோங் பகார் என்னும் மலாய்ப் பெயரில் 'தஞ்சோங்' என்பது கடல்முனையைக் குறிக்கும். அம்முனையின் கரை இன்று தூர்த்த நிலத்துள் அடங்கிவிட்டது. பெயர் மட்டுமே எஞ்சியது. துவாஸில் புதிய துறைமுகம் எழவிருந்தபோது, 2013-14இல் சுல்தான் ஷோல் பகுதியிலிருந்த பவளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தென்தீவுகளின் கரையோரம் நடப்பட்டன.

இவ்விழப்பைக் கலையாக்கியோருள் சார்லஸ் லிம் குறிப்பிடத்தக்கவர். 1996 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு செலுத்திய இவர், 2005 முதல் உருவாக்கிய 'சீ ஸ்டேட்' வரிசையை 2015இல் வெனிஸ் கலைவிழாவிற் காட்சிப்படுத்தினார். நிலமீட்பில் மறைந்த சஜஹாட் தீவு அதில் ஒரு பொருள். தீவு இல்லை, அதனை நினைவூட்டும் மிதவை உண்டு. ஆறுதல் மொழி எதுவும் கூறாமையே அப்படைப்பின் வலிமை.

இதற்கு மறுதலையாக நிற்பவர் ஆங்கிலேயச் சிற்பி ஜேசன் டெகேர்ஸ் டெய்லர். 2006இல் கிரெனடாக் கடலடியில் இவர் நிறுவிய சிற்பங்கள் பவளம் பற்றி வளர இடமளிப்பன. சிற்பியின் உருவத்தை உயிர்கள் மறைக்க மறைக்கவே கலை நிறைவெய்துகிறது. ஆயினும் இங்கு ஓர் ஐயம் எழுகிறது. நீர் மிக வெப்பமுற்றால், பவளம் தனக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. சிங்கப்பூர்க் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளிறல் நேர்ந்தது. பற்றி வளர இடம் தருவது எளிது. குளிர்ந்த கடலைத் தருவது சிற்பியின் உளிக்கு அப்பாற்பட்டது. இதனை அவரும் உணர்ந்தார் போலும். 2019இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கரையில் அவர் நிறுவிய சிறுமியின் சிலை, நீரின் வெப்பத்திற்கேற்ப நிறம் மாறுகிறது. அது மீட்சியைப் பறைசாற்றவில்லை, எச்சரிக்கிறது. அவர் படைப்புகளில் இதுவே முதிர்ந்தது எனலாம்.

2022இல் தஞ்சோங் பகார் சரக்குக் கிடங்கொன்றில் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தின் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஒரு லட்சம் பவளங்களை நடும் தேசியத் திட்டம் 2024இல் தொடங்கியது. நடுதல் நற்செயலே, ஆனால் நட்டதைக் கொண்டாடும் கலை, புதைத்ததை மறக்கச் செய்தல் ஆகாது. மீட்சியைப் பாடும் படைப்பு இழப்பின் கணக்கையும் தன்னுள் தாங்கவேண்டும். இனிப் பவளத்தை உவமையாக்கும் தமிழ்க் கவிஞனுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்: அவன் கையிலிருப்பது மணியா, உயிரா?