கால் அங்குல இருட்டு
கேன்வாஸ் ஓவியத்துக்கு ஃப்ளோட்டிங் ஃபிரேம் போல அழகு சேர்ப்பது வேறில்லை. முன்னால் கண்ணாடி கிடையாது. சட்டம் ஓவியத்தின் விளிம்பைத் தொடுவதும் கிடையாது. நடுவே கறுப்பு பூசிய கால் அங்குலப் பள்ளம், அவ்வளவுதான். ஓரத்தில் வழிந்து உறைந்த வண்ணம்கூட மறையாமல் தெரியும். எனக்கு அதுதான் பிடித்தம்.

வீட்டில் பொருத்தும்போது பொறுமையெல்லாம் நாலு பக்க இடைவெளிக்கே போகும். தடித்த அட்டையை ஒரே கனத்துக்கு மடித்து நாலு பக்கமும் செருகினால் கேன்வாஸ் அசையாது. மெல்லக் கவிழ்த்து, பின்பக்கம் ஸ்க்ரூவைக் கையாலேயே முடுக்க வேண்டும். மரம் கடிக்கும் கிறீச் சத்தம் கனக்கும்போது, போதும் என்று மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும். நிமிர்த்தி அட்டைகளை உருவும்போது நாலும் ஒரே இறுக்கத்தில் வழுக்கி வந்தால், இடைவெளி சரி.