பிக்சல் பலகையில் வீடியோ: டபிள்யூஎல்இடியும் மூன்று நெறிமுறைகளும்

பிக்சல் மேப்பிங் என்று விளக்கமைப்பாளர்கள் குறிப்பிடும் முறையில், வீடியோவின் பரப்பின்மீது ஒவ்வோர் எல்இடி விளக்கும் நிற்கும் இடம் முதலில் குறிக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு சட்டகத்திலும் அந்தந்த இடத்தின் நிறம் மட்டும் எண்ணாக எடுக்கப்பட்டு, கணினி வலையமைப்பின் வழியே விளக்குகளுக்கு அனுப்பப்படுகிறது. தொலைக்காட்சித் திரையின் புள்ளிகள் ஒழுங்கான கட்டங்களில் நெருங்கி நிற்பவை. இங்கோ விளக்குகள் தூணைச் சுற்றியும் கூரை விளிம்பிலும் மேடை வளைவிலும் இடைவெளி விட்டு நிற்கலாம். தமிழ்நாட்டுத் திருவிழா அலங்காரங்களில் காணும் பிக்சல் எல்இடி பலகைகள் பெரும்பாலும் எஸ்டி அட்டையில் முன்கூட்டியே பதிந்த காட்சியை டி-1000எஸ் போன்ற கட்டுப்படுத்திகளின் வழியே திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன. அட்டையை நீக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நேரடியாகப் பலகைக்கு அனுப்ப விரும்புவோர்க்குக் குறைந்த செலவில் கிடைக்கும் வழிகளுள் முதலில் கருதத்தக்கது டபிள்யூஎல்இடி.

கிறிஸ்டியன் ஷ்வின்னே 2016இல் தொடங்கிய இந்தத் திறமூல ஃபர்ம்வேர், அதாவது சாதனத்தின் நினைவகத்திலேயே பதிந்து அதை இயக்கும் மென்பொருள், ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32 சில்லுகளில் இயங்குகிறது. கணினியின் குரோம் உலாவியிலிருந்தே யுஎஸ்பி கம்பி வழியாக இதைப் பதிக்க முடிகிறது. பதித்தவுடன் சில்லு தானே ஒரு வைஃபை வலையை எழுப்புவதால், கைபேசியை அதில் இணைத்து 4.3.2.1 என்ற முகவரியைத் திறந்தால் அமைப்புப் பக்கம் வந்துவிடுகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் தடையின்றிக் கடக்கக்கூடிய கட்டம் இது. வீடியோ அனுப்பத் தொடங்கிய பிறகே இச்சாதனத்தின் உண்மையான குணங்கள் தெரிகின்றன. அவற்றை மதிப்பிட, சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 16க்கு 16 அளவுள்ள, 256 டபிள்யூஎஸ்2812பி விளக்குகளைக் கொண்ட பலகை போதுமானது.

இந்த 256 என்ற எண்ணிக்கையிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ்512 என்ற தரநிலை 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டபோது, ஒரு கம்பியில் 512 சேனல்கள் மட்டுமே செல்லும் என்று வரையறுக்கப்பட்டது. ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைச் சுமக்கும். ஒளி மங்கலாக்கிகளையும் வண்ண விளக்குகளையும் இயக்க அது தாராளமாகவே இருந்தது. பிக்சல் விளக்கு வந்தபோது, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று சேனல்கள் தேவைப்பட்டமையால், யூனிவர்ஸ் எனப்படும் ஒரு 512 சேனல் தொகுதிக்குள் 170 பிக்சல்களே அடங்கின. இரண்டு சேனல்கள் வீணாயின. வெள்ளையும் சேர்ந்த நான்கு வண்ண விளக்கானால் 128 மட்டுமே. கம்பி போய் ஈதர்நெட் வந்த பிறகும் இந்த எல்லை மறையவில்லை. இங்கிலாந்தின் ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆர்ட்-நெட் நெறிமுறையும், 2009இல் அமெரிக்கத் தரநிலையான எஸ்ஏசிஎன் நெறிமுறையும், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு யூனிவர்ஸ் என்ற கணக்கில் அந்தப் பழைய தொகுதியையே வலையமைப்பில் ஏற்றிச் செல்கின்றன.

ஆகவே 256 பிக்சல் பலகைக்கு இரண்டு யூனிவர்ஸ்கள் வேண்டும்: முதலாவதில் 170, இரண்டாவதில் 86. வரிசைக்குப் பதினாறாக எண்ணிப் பார்த்தால், எல்லைக்கோடு பதினோராம் வரிசையில், பத்தாவது பிக்சலைக் கடந்ததும் விழுகிறது. இரண்டு பாக்கெட்டுகளும் சேர்ந்து வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒன்று தாமதித்தாலோ தொலைந்தாலோ பலகையின் மேற்பகுதி புதிய சட்டகத்தையும் கீழ்ப்பகுதி பழைய சட்டகத்தையும் காட்டி, வேகமாக நகரும் உருவம் அந்தப் பதினோராம் வரிசையில் வெட்டுப்பட்டதாகத் தெரியும். டபிள்யூஎல்இடி இவ்விரு நெறிமுறைகளிலும் முழுச் சட்டகமும் சேரும்வரை காத்திருப்பதில்லை; புதிய தரவு வந்திருந்து, முந்தைய முறை விளக்குகளைப் புதுப்பித்ததிலிருந்து ஒரு சிறிய இடைவெளியும் கடந்திருந்தால், கையில் உள்ளதைக் காட்டிவிடுகிறது. மெல்ல நிறம் மாறும் பின்னணிக் காட்சிகளில் இது கண்ணில் படாது. எழுத்து ஓடும்போதும், செங்குத்தான ஒளிப்பட்டை குறுக்கே நகரும்போதும் தவறாமல் படும். 32க்கு 32 பலகையில் நிலைமை இன்னும் வேடிக்கையானது: 1,024 பிக்சல்களுள் 1,020 ஆறு யூனிவர்ஸ்களில் அடங்கிவிட, எஞ்சிய நான்கு பிக்சல்களுக்காக ஏழாவது பாக்கெட் ஒன்று ஒவ்வொரு சட்டகத்துக்கும் புறப்பட வேண்டியிருக்கிறது.

டபிள்யூஎல்இடி ஏற்கும் மூன்றாவது நெறிமுறையான டிடிபி, யூனிவர்ஸ் என்ற கருத்தையே கைவிட்டது. பத்து பைட் தலைப்பு, அதில் தரவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்ற குறிப்பு, அதன்பின் 1,440 பைட் வரை நிறத்தரவு என்பதே அதன் கட்டமைப்பு. ஒரே பாக்கெட்டில் 480 பிக்சல்கள் செல்வதால் 256 பிக்சல் பலகையின் சட்டகம் முழுவதும் ஒன்றாக வந்து சேரும், அல்லது முழுவதும் வராமல் போகும். நடுவில் வெட்டுப்பட வழியே இல்லை. பெரிய பலகையில் பல பாக்கெட்டுகள் தேவைப்படும்போது, கடைசிப் பாக்கெட்டில் மட்டும் ‘இப்போது காட்டு’ என்ற ஒரு குறி வைக்கப்படுகிறது. டபிள்யூஎல்இடி அந்தக் குறியை மதித்து அதுவரை காத்திருக்கிறது. இடையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அந்தப் பகுதி பழையதாகவே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் 1,024 பிக்சல்களுக்கு ஏழுக்குப் பதில் மூன்று பாக்கெட்டுகளே போதும் என்பதால் தொலைவதற்கான வாய்ப்பும் குறைகிறது. தொழில்முறை விளக்குக் கட்டுப்பாட்டு மேசைகளில் அரிதாகவே காணப்படும் இந்த எளிய நெறிமுறைதான் வீடியோவுக்கு மூன்றிலும் சிறந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆயினும் எஸ்ஏசிஎன் நெறிமுறைக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு பாக்கெட்டும் 0 முதல் 200 வரை ஒரு முன்னுரிமை எண்ணைச் சுமக்கிறது. இயல்பு மதிப்பு 100. விளக்குக் கட்டுப்பாட்டு மேசையும் வீடியோக் கணினியும் ஒரே பிக்சல்களை ஆள வேண்டிய மேடையில், மேசைக்கு உயர்ந்த எண்ணைத் தந்துவிட்டால், தேவைப்படும் கணத்தில் வீடியோவை மேலிட்டு விளக்குகளைக் கையகப்படுத்தலாம். நாடக அரங்குக்கு இந்த ஒழுங்கு சட்டகத்தின் வெட்டைவிட முக்கியமானதாகலாம்.

நெறிமுறை எதுவாயினும் அது யுடிபி மீதே பயணம் செய்கிறது. அதாவது, அனுப்பிய பாக்கெட் சேர்ந்ததா என்று அனுப்புநர் கேட்பதுமில்லை, சேராததை மீண்டும் அனுப்புவதுமில்லை. கம்பியில் இது குறையன்று, ஏனெனில் 1,024 பிக்சல்களை விநாடிக்கு 40 முறை புதுப்பித்தாலும் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிட் தரவே ஓடுகிறது. வைஃபையில்தான் தொல்லை. வழக்கமான இஎஸ்பி32 சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். பார்வையாளர்களின் கைபேசிகள் நிறைந்த மண்டபத்தில் அந்த அலைவரிசையின் நெரிசல் சொல்லத் தேவையில்லை. இதனினும் நுட்பமான கண்ணி, எஸ்ஏசிஎன் இயல்பாகப் பயன்படுத்தும் மல்ட்டிகாஸ்ட் முறை: ஒரே பாக்கெட்டைப் பலருக்கும் பொதுவாக அனுப்பும் இம்முறையை வைஃபை ரவுட்டர்கள் பொதுவாகக் குறைந்த வேகத்தில், பெற்றதற்கான ஒப்புதல் கேளாமல் ஒலிபரப்புகின்றன. ஆகையால் மல்ட்டிகாஸ்ட்டை நிறுத்திவிட்டு, சாதனத்தின் ஐபி முகவரிக்கே நேராக அனுப்புமாறு மென்பொருளை அமைப்பதும், டபிள்யூஎல்இடியின் வைஃபைப் பக்கத்தில் ‘உறக்கத்தை முடக்கு’ என்னும் தெரிவை இயக்குவதும் கட்டாயமாகச் செய்ய வேண்டியவை. இவை இரண்டையும் செய்த பின்னரும் பார்வையாளர் முன் வைஃபையை நம்பி வீடியோ ஓட்டுவது துணிச்சலே. டபிள்யூடி32-இடிஎச்01 போன்ற, ஈதர்நெட் துளையுள்ள இஎஸ்பி32 பலகைகளை டபிள்யூஎல்இடி ஆதரிக்கிறது. கூடுதலாகும் சிறு தொகையைக் கணக்கிட்டு அவற்றைத் தவிர்ப்பது தவறான சிக்கனம்.

பிக்சல்களின் வரிசை அடுத்த சிக்கல். பலகைகளில் கம்பியை மிச்சப்படுத்துவதற்காக, உழவர் ஒரு சாலின் முடிவில் ஏரைத் திருப்பி அடுத்த சாலை எதிர்த்திசையில் ஓட்டுவதுபோல, ஒற்றைப்படை வரிசைகள் இடமிருந்து வலமாகவும் இரட்டைப்படை வரிசைகள் வலமிருந்து இடமாகவும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் திருப்பத்தை அனுப்பும் மென்பொருளும் கணக்கிடலாம்; 2023இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து இருபரிமாணப் பலகைகளை அறிந்த டபிள்யூஎல்இடியும் கணக்கிடலாம். இரண்டும் கணக்கிட்டால் ஒன்றையொன்று அழித்து, ஒன்றுவிட்ட வரிசைகள் கண்ணாடிப் பிம்பமாக இடவலம் மாறிப் படம் சிதறும். வெளியிலிருந்து நேரலையாக வரும் தரவுக்கு வரிசை மாற்றத்தை அனுப்புநரிடமே விட்டுவிடுவது நல்ல வழக்கம், ஏனெனில் பல கட்டுப்படுத்திகள் சேரும் பெரிய அமைப்பில் பிழை எங்கே என்று தேட ஓரிடம் மட்டுமே இருக்கும்.

காமா பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் முதன்முறை இவ்வமைப்பைக் காண்போரின் ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வீடியோக் கோப்பிலுள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பவை அல்ல; இருட்டில் நுண்ணிய வேறுபாடுகளைக் காணும் மனிதக் கண்ணின் இயல்புக்கேற்ப அவை வளைத்து எழுதப்பட்டவை, காமா எனப்படும் அந்த வளைவைத் திரை தன் ஒளியில் நேராக்கிக்கொள்ளும். எல்இடியோ 128 என்ற எண் வந்தால் முழு ஒளியில் பாதியை அப்படியே உமிழ்கிறது. விளைவாக, நிழல்கள் சாம்பலாகவும் முகங்கள் வெளிறியும் தோன்றுகின்றன. டபிள்யூஎல்இடியில் காமா திருத்தம் உண்டென்றாலும், நேரலைத் தரவுக்கு அது இயல்பாக முடக்கப்பட்டே வருகிறது; அனுப்புநர் ஏற்கெனவே திருத்தியிருப்பார் என்பது அதன் அனுமானம். யாரேனும் ஒருவர் திருத்த வேண்டும், இருவரும் திருத்தக்கூடாது என்ற முன்சொன்ன விதி இங்கும் பொருந்துகிறது.

திருத்திய பிறகு வேறொரு குறை வெளிப்படும். எட்டு பிட் எண்களில் 2.2 என்ற காமா அடுக்கைப் பயன்படுத்தினால், 0 முதல் 14 வரை வரும் மதிப்புகள் அனைத்தும் பூஜ்யமாகிவிடுகின்றன. அதற்கு மேலுள்ள இருண்ட நிறங்களும் படிப்படியாகத் தாவுகின்றன. மெல்ல இருளில் கரையும் காட்சி, கரையாமல் படிக்கட்டில் இறங்கி அணைகிறது. டபிள்யூஎஸ்2812பி விளக்கின் எட்டு பிட் எல்லையே இதற்குக் காரணம் என்பதால், எந்த அமைப்பை மாற்றியும் இதை முழுமையாகப் போக்க இயலாது. இருண்ட திரைப்படக் காட்சிகளை இத்தகைய பலகைக்குத் தேர்ந்தெடுக்காமல், அடர்ந்த நிறங்களும் தெளிவான உருவங்களும் உள்ள வரைகலையைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். பதினாறு வரிசையில் திரைப்படம் பார்க்க எண்ணுவதே பேராசை என்பது வேறு விஷயம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பிக்சலும் முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம் என்ற கணக்கின்படி, 256 பிக்சல்களுக்கு 5 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் தேவை. டபிள்யூஎல்இடியின் மின்னோட்ட வரம்பு இயல்பாக 850 மில்லிஆம்பியர். யுஎஸ்பி கம்பியைக் காக்கும் நல்லெண்ணம் அது. ஆனால் அந்த வரம்போடு வீடியோ ஓட்டினால், வெளிச்சமான சட்டகங்கள் மட்டும் கீழே இழுக்கப்பட்டு, இருண்டவை அப்படியே விடப்பட, படத்தின் ஒளி ஏற்ற இறக்கமே மறைந்துபோகும். தகுந்த மின்வழங்கியை இணைத்து, அதன் திறனை உரிய கட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். சில்லின் 3.3 வோல்ட் சைகையை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஏஎச்சிடி125 போன்ற சிறு ஐசி ஒன்றும் இடையில் இருப்பது நலம். இல்லாதபோது தோன்றும் தற்செயல் மின்னல்களுக்கு வலையமைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

அனுப்பும் மென்பொருள்களில், இலவசமான திறமூல எக்ஸ்லைட்ஸ் முன்கூட்டியே தொகுத்த காட்சிகளுக்கு ஏற்றது. டிடிபி உள்ளிட்ட நெறிமுறைகளைக் கட்டுப்படுத்திவாரியாகத் தேர்ந்தெடுக்க அது இடம் தருகிறது. அதில் காட்சியின் நேர அலகு வழக்கமாக 25 அல்லது 50 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்கு 40 அல்லது 20 சட்டகங்கள். விநாடிக்கு 25 சட்டகங்களுள்ள வீடியோவை 40க்குப் பொருத்தும்போது சில சட்டகங்கள் ஒருமுறையும் சில இருமுறையும் காட்டப்படுவதால், சீரான நகர்வில் நுண்ணிய தடுமாற்றம் தெரியும். வீடியோவை முன்னரே 20 அல்லது 40க்கு மாற்றிக்கொள்வது எளிய தீர்வு. நெதர்லாந்தின் ரெசொல்யூம் அரீனா கட்டண மென்பொருள். இசைக்கேற்ப வீடியோவை உடனுக்குடன் மாற்றுவோர்க்கு அதுவே வசதி. பிக்சல் வரிசையையும் காமாவையும் அதன் விளக்கு அமைப்புப் பகுதியிலேயே வரையறுக்க முடிவது அதன் பெரிய பலம்.

இரண்டிலும் அனுப்புதல் நின்றுவிட்டால் நேர்வதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். தரவு வராமல் இயல்பாக இரண்டரை விநாடி கடந்ததும் டபிள்யூஎல்இடி தன் சொந்தக் காட்சிக்குத் திரும்புகிறது. எதையும் மாற்றாதிருந்தால் அது முழுப் பலகையிலும் ஆரஞ்சு நிறம். நிகழ்ச்சியின் நடுவே கணினி திணறினால், மேடை முழுவதும் ஆரஞ்சில் குளிக்கும். கருமையான ஒரு முன்னமைவை உருவாக்கி, தொடக்க நிலையாக அதையே வைத்துவிடுவது அவசியம். மூன்று நெறிமுறைகளிலும் கடவுச்சொல்லோ அடையாளச் சரிபார்ப்போ கிடையாது. அதே வலையில் நுழைந்த எவரும் விளக்குகளுக்குத் தரவு அனுப்பலாம். ஆகவே பிக்சல்களுக்கென்று தனி ரவுட்டரும் தனி ஈதர்நெட் சுவிட்சும் ஒதுக்கி, அதன் கடவுச்சொல்லை மண்டபத்தின் இணையப் பயனர்களுக்குத் தராதிருப்பதே இப்போதைக்கு உள்ள பாதுகாப்பு.

சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் பிக்சல்கள் வரை, ஈதர்நெட் இணைப்பும் டிடிபி நெறிமுறையும் கொண்டு இயக்கினால், டபிள்யூஎல்இடி அமைப்பின் விலைக்கு இணையான வேறொன்றைச் சுட்டுவது கடினம். அதற்கு மேல் தடை வலையமைப்பில் இல்லை, விளக்குச் சரத்தில் இருக்கிறது: ஒரு டபிள்யூஎஸ்2812பி பிக்சலுக்குத் தரவு செல்ல 30 மைக்ரோவிநாடி ஆவதால், 1,024 பிக்சல்களை ஒரே சரமாக இணைத்தால் விநாடிக்கு 32 சட்டகங்களுக்கு மேல் ஓடாது. அதே பலகையை நான்கு சரங்களாகப் பிரித்து இஎஸ்பி32 சில்லின் நான்கு வெளியீடுகளில் இணைத்தால், ஒரு சட்டகத்துக்குரிய நேரம் எட்டு மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும்.