அரசுத் துப்பாக்கியின் கணக்கு

2021 நவம்பரில், திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை இரவில் விரட்டிச் சென்று மடக்கினார். புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் அவரை வெட்டிக் கொன்றார்கள். இதையடுத்து, இரவு ரோந்து போகிறவர்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், தற்காப்புக்கு அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அறிவுறுத்தினார். அடுத்த மாதம் 30-ஆம் தேதி, அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், நார்த்தாமலை அருகே மத்தியப் படையினர் சுடும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்துபோனான்.

முதல் சாவைக் கேட்டால், அந்தக் காவலர் கையில் துப்பாக்கி இருந்திருக்கக் கூடாதா என்று மனம் பதைக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் துப்பாக்கி என்றாலே நடுக்கம் வருகிறது. இரண்டு உணர்வும் நியாயமானவை. அரசு தன் ஊழியர் கையில் ஆயுதம் கொடுக்காமல் இருக்க முடியாது. எந்த விதிகளை நம்பிக் கொடுக்கிறது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

சாதாரணக் குடிமகன் துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதற்கு முன் காவல்துறை விசாரணை உண்டு. பணியிலுள்ள அரசு ஊழியருக்கு அந்தச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆகவே அவர் எப்போது ஆயுதம் வாங்கலாம், எங்கே வைக்கலாம், எப்படிப் பழக வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் துறையின் நிலையாணைகளே தீர்மானிக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் பாராட்ட வேண்டியது அதன் கணக்கு. துப்பாக்கி அரசுச் சொத்து. எண்ணோடு பதிவேட்டில் ஏறும்; கையெழுத்திட்டு வாங்கி, பணி முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும். ஒரு தோட்டா குறைந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டும். பயிற்சியில் சுட்ட தோட்டாவின் வெற்று உறையைக்கூடப் பொறுக்கி எண்ணுகிறார்கள். இன்னொரு நன்மை, நம் ஊர்க் காவலர்களில் பெரும்பாலோர் அன்றாடப் பணியில் லத்தியோடு மட்டுமே நிற்கிறார்கள் என்பது. கூட்டத்தைக் கலைப்பதற்கும் சட்டத்தில் படிகள் உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆவது பிரிவுப்படி, முதலில் கலைந்து போகும்படி ஆணையிட வேண்டும். கூட்டம் கலையாவிட்டால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம்.

ஆனால் இரும்பை இவ்வளவு கவனமாகக் காக்கும் விதிகள், அதைப் பிடிக்கும் மனிதரிடம் வரும்போது தளர்ந்துவிடுகின்றன.

முதல் குறை பயிற்சி. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலை ஆராய்ந்த ராம் பிரதான் குழு, சுட்டுப் பழகக்கூடத் தோட்டா போதாமல் காவல்துறை இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பழகாத கையில் துப்பாக்கி இருந்தால் அதைப் பிடித்திருப்பவருக்கும் ஆபத்து, அக்கம்பக்கத்தவருக்கும் ஆபத்து. பழகும் இடமோ ஊரை ஒட்டி இருந்தால் என்ன ஆகும் என்பதை நார்த்தாமலை காட்டிவிட்டது.

இரண்டாவது குறை மனநிலை. 2023 ஜூலை 7 அன்று கோவைச் சரக டிஐஜி, தன் பாதுகாவலரின் துப்பாக்கியை வாங்கித் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே மாதம் 31-ஆம் தேதி, ஜெய்ப்பூர் - மும்பை ரயிலில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் மேலதிகாரியையும் பயணிகள் மூவரையும் சுட்டுக் கொன்றார். இரண்டு துப்பாக்கிகளும் முறைப்படி வழங்கப்பட்டவை. பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறவர், "உனக்குத் தூக்கம் வருகிறதா, மனசு சரியாக இருக்கிறதா?" என்று கேட்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை. தனக்கு மன அழுத்தம் என்று ஒரு காவலர் தானே சொன்னால், அது அவர் பணிக்குக் களங்கமாகிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது.

மூன்றாவது குறைதான் மிகக் கொடியது: சுட்ட பிறகான பொறுப்பு. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் போராட்டத்தை ஒட்டிக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூடு 13 உயிர்களைப் பறித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், தப்பி ஓடியவர்களும் சுடப்பட்டதைப் பதிவுசெய்து, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. எச்சரிக்கைப் படிகள் ஏட்டில் இருந்தும் அங்கே யாரையும் காக்கவில்லை. கூட்டத்தைக் கலைக்கச் சுட்டவர் மீது வழக்குத் தொடர, அரசின் முன் அனுமதியையும் சட்டம் கேட்கிறது. மோதல் சாவுகளில் சுட்டவரின் ஆயுதத்தைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும், வேறு பிரிவு விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நல்ல நெறிமுறைதான், ஆனால் ஒருவர் செத்த பிறகோ படுகாயம் அடைந்த பிறகோதான் அது விழித்துக்கொள்கிறது.

ஆயுதம் தருவதற்குத் தகுதித் தேர்வு, மன அழுத்தத்துக்கு ஆலோசனை, ஒவ்வொரு சூட்டுக்கும் அறிக்கை ஆகிய மூன்றையும் 1990-இலேயே ஐக்கிய நாடுகள் அவையின் அடிப்படைக் கோட்பாடுகள் வலியுறுத்தின. இவற்றை நிலையாணையின் தயவில் விடாமல் சட்டமாக்க வேண்டும். சுடும் தேர்வில் தேறாதவருக்குத் துப்பாக்கி தரக் கூடாது. மனநலம் காரணமாக ஆயுதத்தைத் திருப்பித் தருகிறவருக்குப் பதவி உயர்வில் பாதிப்பு வரக் கூடாது. யாரையும் காயப்படுத்தாத சூட்டுக்கும் அறிக்கை வேண்டும். அது மக்கள் பார்வைக்கும் வர வேண்டும். வெற்று உறையை எண்ணத் தெரிந்த அரசுக்கு இது முடியாத வேலை அல்ல. நவல்பட்டு காவலருக்கும் நார்த்தாமலைச் சிறுவனுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் இது.